கருப்புக் காரில் உப்புத் தண்ணீர்ப் புள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கருப்பு, வீடு சென்னை ஓஎம்ஆர் பக்கம், தண்ணீர் போர்வெல் தண்ணீர். இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு வாய்த்தால் என்ன கதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் கீழே பார்க்கிங்கில் பாலிஷ் மெஷினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்பார்கள், பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவிட்டேன்.

கழுவித்தானே விட்டேன், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி எங்கிருந்து வந்தது?

கழுவியதால்தான் வந்தது. அந்தப் புள்ளி அழுக்கு இல்லை, கல். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போய்விடும், கரைந்திருந்ததெல்லாம் பெயின்ட் மேலேயே உட்கார்ந்துவிடும். ஷவர் துளையை அடைப்பதும் கீசர் காயிலில் செதில் செதிலாகப் படிவதும் இதே சமாச்சாரம்தான்.

உற்றுப் பார்த்தால் புள்ளி முழுசாக வெள்ளையாக இருக்காது, ஓரம் மட்டும் வெளுத்து நடுவில் கருப்பாக, ஒரு சின்ன வளையல் மாதிரி இருக்கும். மேஜையில் சிந்திய காபித் துளி காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்து நிற்குமே, அதே கதை. துளியின் விளிம்பு முதலில் காயும், அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்புக்கு ஓடும், போகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபிக் கறையை வைத்தே இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள்.

எவ்வளவு உப்பு என்று தெரிய வேண்டுமானால் சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு தண்ணீரே கிடையாது என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் போரில் 1400. அதாவது கழுவிய காரின் மேல் அரை லிட்டர் தண்ணீர் துடைக்காமல் நின்று காய்ந்தால் 0.7 கிராம் உப்பை நாமே தூவிய கணக்கு.

வெள்ளைக் காரில் இது வராதா?

அதே அளவு வரும். தெரியாது, அவ்வளவுதான். கருப்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வெயிலில் அதன் தகடு வெள்ளையைவிட நன்றாகச் சூடேறும், துளி சீக்கிரம் காயும், படிந்தது சூட்டில் இறுகும்.

என் காரில் இருப்பது மேலோட்டமா, இல்லை பெயின்டையே தின்றுவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவித் துடையுங்கள். தூசியும் மழையும் சேர்ந்து விட்டுப்போன புள்ளிகள் இதிலேயே போய்விடும். போகாத இடத்தில் ஒரு சின்னத் துணியை வினிகரில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்தி வையுங்கள். எடுத்ததும் புள்ளி காணோம் என்றால் மேலோட்டம், நிம்மதி. வெள்ளை போய்விட்டது, ஆனால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அதே இடத்தில் வட்டம் நிழல் போலத் தெரிகிறது என்றால் க்ளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சில், தடம் விழுந்துவிட்டது, பாலிஷ் போட்டால்தான் போகும். நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படுகிறதா, அப்போது பாலிஷாலும் முழுசாகப் போகாது. அதைப் பாதி மறையும் வரை தேய்த்துவிட்டு மீதியோடு வாழக் கற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

காக்கா எச்சம் வேறு ரகம். அது காத்திருக்காது, சித்திரை வெயிலில் அன்றைக்கே தடம் போட்டுவிடும். பார்த்த உடனே நனைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும், காய்ந்ததைச் சுரண்டக் கூடாது.

வினிகரா, எலுமிச்சையா? எப்படிப் போடுவது?

இரண்டும் புளிப்பு, இரண்டும் கால்சியக் கல்லைக் கரைக்கும். பித்தளைக் குடத்துக்குப் பாட்டி புளி போட்டாளே, அதே தர்க்கம். எலுமிச்சம்பழத்தை அறுத்து நேராகத் தேய்க்காதீர்கள், அதில் சதையும் சர்க்கரையும் ஒட்டும், எவ்வளவு புளிப்பு போகிறது என்ற கணக்கும் இருக்காது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்களே, சிட்ரிக் ஆசிட், அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன். வினிகர் என்றால் வெள்ளை வினிகர், சமபங்கு தண்ணீரோடு.

நான் செய்வது இப்படி. விடிகாலை, நிழல், பானட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ஒரு பேனல் மட்டும் எடுத்துக்கொள்வேன். மைக்ரோஃபைபர் துணியைக் கரைசலில் முக்கி லேசாகப் பிழிந்து பானட்டின் ஒரு பக்கத்தில் விரித்துவிடுவேன், தேய்க்க மாட்டேன். இரண்டு நிமிடம். துணியை இழுத்து எடுத்தால் அதன் அடியில் இருந்த இடம் கரும்பலகை மாதிரி கருப்பாகவும் பக்கத்து இடம் அரிசி மாவு சிந்தியது போலவும் நிற்கும், அந்த எல்லைக்கோட்டைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. மீதிப் புள்ளி இருந்தால் இன்னொரு இரண்டு நிமிடம். அப்புறம் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பூ துணியால் ஒரு தடவை துடைத்து, மறுபடி ஊற்றி, உலர்த்திவிட வேண்டும். கரைசல் பெயின்ட் மேல் காயவே கூடாது, காய்ந்தால் ஒரு புள்ளியைப் போக்கப் போய் இன்னொன்றை வாங்கிய கதை.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் இருந்தால் தள்ளி வையுங்கள், வினிகரும் அதுவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இன்னொன்று, வாசலில் கடப்பா கல் போட்டிருந்தால் அதுவும் சுண்ணாம்புக் கல்தான், கரைசல் சொட்டிய இடமெல்லாம் மங்கிப்போகும், வீட்டில் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

இதைப் போட்டால் முன்பு போட்டிருந்த வேக்ஸும் பெரும்பாலும் போய்விடும், புதிதாகப் போட வேண்டும்.

பாத்ரூம் ஆசிட்? டூத்பேஸ்ட்? மண்ணெண்ணெய்?

பாத்ரூம் ஆசிடில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புள்ளி போகும், கூடவே குரோம் போகும், விளிம்பில் தகடு துருப்பிடிக்கும். வேண்டாம். டூத்பேஸ்ட் என்பது எவ்வளவு தேய்க்கும் என்று அளவு தெரியாத கம்பவுண்ட் (பாலிஷைவிடச் சொரசொரப்பாகத் தேய்க்கும் பசை), தேய்த்த இடம் மட்டும் மங்கலாகி ஊருக்கே தெரியும். மண்ணெண்ணெயும் டீசலும் போட்டால் எண்ணெய்ப் பசையில் புள்ளி மறையும், அடுத்த வாட்டர் வாஷில் சிரித்துக்கொண்டு திரும்ப வரும், நடுவில் தெருத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆர்ஓ வேஸ்ட் தண்ணீரைத்தான் பிடித்து வைத்துக் கழுவுகிறேன், வீணாக்க மனசு வரவில்லை. தப்பா?

மனசு நல்ல மனசு, தண்ணீர் கெட்ட தண்ணீர். ஆர்ஓ இயந்திரம் உப்பை எங்கேயும் ஒழித்துவிடுவதில்லை; நீங்கள் குடிக்கிற பக்கத்திலிருந்து எடுத்து அந்த வேஸ்ட் குழாய்க்குத் தள்ளுகிறது. ஆகவே அந்தப் பக்கெட்டில் இருப்பது உங்கள் போர் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர். தரை துடையுங்கள், டாய்லெட்டில் ஊற்றுங்கள், கருப்புக் காருக்கு மட்டும் வேண்டாம். எங்கள் பிளாக்கில் மூன்று பேர் இப்படித்தான் சிக்கனமாகக் காரைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிடித்து வைக்க வேண்டியது ஏசி தண்ணீர். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, கிட்டத்தட்ட உப்பே கிடையாது. எங்கள் வீட்டு ஏசி பைப்பின் கீழே பக்கெட் வைத்து மீட்டரை முக்கினேன், 20-க்குள்தான் காட்டியது. ஏசி காயிலில் தூசி இருக்கும் என்பதால் ஒரு துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். ராத்திரி ஓடினால் காலையில் அரை பக்கெட் இருக்கும், கடைசி அலசலுக்கு அது தாராளம். காரை முழுக்க அதில் கழுவ வேண்டியதில்லை, ஷாம்பூ வரைக்கும் போர் தண்ணீர், காய்வதற்கு முன்னால் கடைசியாக மேலே ஓடுவது மட்டும் இந்தத் தண்ணீராக இருந்தால் போதும். மொட்டை மாடி மழைநீரும் நல்லதுதான், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

வினிகர் போட்டும் போகவில்லை. நேராகப் பாலிஷா?

கொஞ்சம் பொறுங்கள். சில போர் தண்ணீரில் சிலிக்காவும் உண்டு, அது வினிகருக்கு அசையாது. கழுவிய பேனல் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு பளிச்சென்று தெரியும். சொரசொரவென்றால் க்ளே பார். களிமண் மாதிரி பிசைகிற கட்டி, ஷாம்பூ தண்ணீரை நிறையத் தெளித்து வழுக்கவிட்டபடி மெதுவாக ஓட்டினால் ஒட்டியிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வரும். அழுத்தக் கூடாது. கீழே விழுந்தால் எவ்வளவு விலையானாலும் அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஒரு மணல் போதும் பானட் முழுக்கக் கோடு இழுக்க. கருப்பில் க்ளே பாரே லேசாகக் கீறும், அதற்குப் பிறகு ஒரு பாலிஷ் வேலை இருக்கிறது என்று தெரிந்தே தொடங்குங்கள்.

மெட்ரோ வேலையோ கட்டட வேலையோ நடக்கிற தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு: உங்களுடையது தண்ணீர்ப் புள்ளி இல்லை, சிமென்ட். தூசியாக விழுந்து பனியில் நனைந்து இறுகியது. அதற்கும் முதல் வைத்தியம் அதே புளிப்புதான், நேரம் மட்டும் கூடுதலாகும்.

பாலிஷ் போட்டால் பெயின்ட் தேயுமா?

தேயும். தேய்ப்பதுதான் பாலிஷ், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கருப்பு நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, க்ளியர் கோட். பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான், அதில் பாதியைத்தான் நாம் காலம் முழுக்க வைத்துக்கொண்டு தேய்க்கிறோம். தடத்தின் அடி வரைக்கும் சுற்றியுள்ள பரப்பை இறக்கினால் தடம் காணாமல் போகும், அவ்வளவுதான் மந்திரம். எடுத்தது திரும்ப வராது. அதனால்தான் கரைய வேண்டியதைக் கரைத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் தேய்க்கச் சொல்கிறேன். உப்புக் கல் மேலேயே கம்பவுண்டைப் போட்டு ஓட்டினால் பிய்ந்து வந்த கல்லும் சேர்ந்து பெயின்டைக் கீறும்.

கையால் போடலாமா, மெஷின் வேண்டுமா?

உள்ளங்கை அளவு இடத்துக்குக் கை போதும். முழுக் காருக்குக் கையால் போட்டால் தோள் போகும், பாலிஷும் ஒரே சீராக வராது. வாங்குவதானால் டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். அது சுற்றிக்கொண்டே ஆடும், ஓரிடத்தில் சூடு சேராது, புதுக் கைக்கு மன்னிக்கிற மெஷின். டிங்கரிங் கடையில் வைத்திருக்கும் ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், பழகாத கையில் விளிம்பில் நொடியில் பெயின்டைத் தாண்டிவிடும்.

முதலில் கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பேனலின் கூர் விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். கம்பவுண்ட் அந்தப் பிளாஸ்டிக்கில் ஏறினால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், ப்ரஷ் போட்டுத் தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. அப்புறம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் மட்டும் எடுத்து, இருப்பதிலேயே மென்மையான பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் வைத்து முயற்சி செய்யுங்கள். அதிலேயே போய்விட்டால் கம்பவுண்ட் பக்கமே போக வேண்டாம். பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு, மெஷினை வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் எதிர்ச் சுவரில் கோலம்தான். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5-ல் வைத்து, ஆமை வேகத்தில், பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி குறுக்கும் நெடுக்கும் நான்கைந்து தடவை. மெஷினின் எடையே போதும், அழுத்தத் தேவையில்லை. பாலிஷ் எண்ணெய் போலத் தெளிந்து மெல்லிய படலமாகும்போது நிறுத்தித் துடையுங்கள்.

துடைத்ததும் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை தெரியாவிட்டால் சரி, அடுத்த இடத்துக்குப் போகலாம். கம்பவுண்ட் போட்டே ஆக வேண்டியிருந்தால் கருப்பில் அதோடு நிறுத்த முடியாது, மென்மையான பேடில் இன்னொரு ஃபினிஷிங் ரவுண்ட் கட்டாயம், இல்லாவிட்டால் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் நிற்கும். என் முதல் பானட்டுக்கு அரை நாள் ஆனது. முழுக் காரையும் ஒரே நாளில் முடிப்பேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கடையில் பாலிஷ் போட்டேன், கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் வெயிலில் வலை வலையாகத் தெரிகிறதே?

எனக்கும் நடந்தது, அதனால்தான் மெஷினே வாங்கினேன். ஒரு கடையில் விட்டேன், பெயர் வேண்டாம். அழுக்குப் பேடு, ரோட்டரி, வாட்டர் வாஷ் முடிந்து ஈரம்கூடச் சரியாகத் துடைக்காத பானட். கிளம்பும்போது கடை டியூப்லைட்டில் முகம் தெரிந்தது. மெஷின் போன வழியெல்லாம் பட்டை பட்டையாக வெயிலில் மின்னும் கோடுகளுக்கு ஹாலோகிராம் என்று பெயர். அதன் மேல் எண்ணெய் பூசி அனுப்பிவிடுவார்கள், இரண்டு கழுவலில் எண்ணெய் போனதும் சாயம் வெளுக்கும். கடைக்குக் கொடுப்பதானால் வண்டியை வாங்கும்போது வெயிலில் நிறுத்தி, ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லிப் பாருங்கள். சரியான வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனிமேல் புள்ளி வராமல் எப்படிக் கழுவுவது?

வெயிலில் கழுவாதீர்கள், ஓட்டி வந்த சூட்டோடு கழுவாதீர்கள். மேலிருந்து கீழே, நனைத்தபடியே வைத்திருந்து, கடைசியில் ஏசி தண்ணீரைச் சொன்னபடி மெதுவாக ஊற்றி, பெரிய மைக்ரோஃபைபர் டவலைப் பேனலில் விரித்து ஒற்றி எடுங்கள். மஞ்சள் துணி, பழைய பனியன், பஞ்சு டஸ்டர் எல்லாம் கருப்புக்கு எதிரி. தினமும் காலையில் வந்து ஒரே பக்கெட்டில் பத்துக் காரைத் துடைக்கிற தம்பியிடம் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு என் வண்டியை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அவர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்.

பக்கவாட்டுக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்கிலிருந்து அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் வழியும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி துடையுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் தொல்லை தீருமா?

தீராது. கழுவுவது சுலபமாகும், பளபளப்பு நிற்கும், ஆனால் கோட்டிங் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அந்த ஒவ்வொரு முத்தும் காய்ந்தால் ஒவ்வொரு புள்ளி. துடைக்காமல் விடுகிறவருக்கு வித்தியாசம் பெரிதாக இருக்காது. ஒரு நன்மை, கல் கோட்டிங்கில் படியும், பெயின்டில் நேராக இல்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலாக இருந்தால் அடித்தவர் சொல்கிற காலம் வரை, ஒன்றிரண்டு மாதமாவது, வேக்ஸும் கோட்டிங்கும் போடாமல் உலரவிடுங்கள்.

புல்லட் டேங்குக்கும் இதேதானா?

கருப்பு டேங்க் என்றால் அதே முறை, ஆனால் கையால். டேங்கில் தங்கக் கோடு இருந்தால் அதன் மேல் க்ளியர் கோட் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், கோடு மேடாகத் தட்டுப்பட்டால் அதற்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் பாலிஷ். மேட் பிளாக் வண்டிக்குப் பாலிஷே கூடாது, தேய்த்த இடம் பளபளவென்று ஆகித் திட்டுத் திட்டாகிவிடும். பழைய வண்டியில் க்ளியர் கோட் இல்லாத பெயின்டாக இருந்தால் பேடில் கருப்பு ஏறும், பயப்பட வேண்டாம், அது இயல்பு. கையை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கண்ணாடியில் இருக்கும் புள்ளி?

வினிகர் முதலில். போகாவிட்டால் கண்ணாடிக்கென்றே சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் கிடைக்கிறது, தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் பேடில் போட வேண்டும், பெயின்டுக்கான கம்பவுண்ட் அங்கே அவ்வளவாக வேலை செய்யாது. சில ரிமூவர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும், கண்ணாடியையே அரிக்கக்கூடியது, தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும், லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வைப்பர் போகிற அரைவட்டத்துக்குள் புள்ளி குறைவாகவும் அதற்கு வெளியே மூலையில் கெட்டியாகவும் இருக்கும், முதலில் அந்த மூலையில் தொடங்குங்கள். வைப்பர் தொட்டியிலும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், அங்கேயும் ஏசி தண்ணீர்தான்.